அமைப்புக் கோப்பைக் கடன் வாங்காதீர்கள்

நிரல் எழுதுவோர், சர்வர்களைப் பராமரிப்போர், தரவுகளோடு மல்லுக்கட்டும் ஆய்வு மாணவர்கள் ஆகியோரை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் கணினி எப்படி வந்ததோ அப்படியே வைத்திருப்பார்கள். ஒரே நீண்ட கட்டளையை நாளுக்கு நாற்பது முறை முழுதாகத் தட்டச்சு செய்வார்கள். இரண்டாம் வகையினர் வார இறுதி முழுவதும் திரையின் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை பார்த்தால் வேலை வெள்ளிக்கிழமை நின்ற இடத்திலேயே நிற்கும்.

இருவருக்கும் நேரம் வீணாகிறது. நடுவே ஒரு வழி இருக்கிறது. கருவியை உங்கள் கைக்கு ஏற்ப மாற்றுங்கள். ஆனால் கொஞ்சமாக, உங்களுக்கு உண்மையில் இடைஞ்சல் தருவதை மட்டும், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தெரிந்து மாற்றுங்கள். மற்றவர் எழுதிய அமைப்புக் கோப்பை அப்படியே இறக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஷெல் என்பது நீங்கள் எழுதும் கட்டளையைப் படித்து இயக்க முறைமையிடம் வேலை வாங்கித் தரும் நிரல். கருப்புத் திரையில் எழுத்துகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்; அங்கே உங்களோடு பேசுவது அதுதான். லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் பேஷ் ஷெல் இருக்கும். ஆப்பிள் மேக் கணினிகளில் 2019 முதல் ஸீஷெல் வழக்கமான ஷெல்லாக வருகிறது. உரைத் தொகுப்பி என்பது நிரலையோ குறிப்பையோ எழுதித் திருத்தும் மென்பொருள். விம், ஈமேக்ஸ், விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்றவை இந்த வகை. இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. அதில் நீங்கள் எழுதி வைப்பதைத் தொடங்கும்போதே படித்து, அதன்படி நடந்துகொள்ளும்.

கோப்பிக் கடைப் பாடம்

இந்த வட்டாரத்தில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் கோப்பிக் கடையிலேயே இருக்கிறது. "பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு தேநீர், ஐஸ் போட்டுக் கொடுங்கள்" என்று யாரும் கேட்பதில்லை. "தே ஓ கொசோங் பெங்" என்கிறோம். நான்கே சொற்கள். 'ஓ' என்றால் பால் இல்லை, 'கொசோங்' என்றால் சர்க்கரை இல்லை, 'பெங்' என்றால் ஐஸ். 'தே' என்பதை எடுத்துவிட்டுக் 'கோப்பி' என்று வைத்தாலும் மற்றச் சொற்கள் அப்படியே வேலை செய்யும். மலாயும் ஹொக்கியனும் கலந்த இந்தச் சுருக்க மொழியை எந்த அதிகாரியும் உருவாக்கவில்லை. காலையில் வரிசையில் நிற்கும் கூட்டத்தின் அவசரம் உருவாக்கியது.

ஷெல்லில் சுருக்கப் பெயர் வைப்பதும் இதே வேலைதான். நாள்தோறும் எழுதும் முப்பது எழுத்துக் கட்டளைக்கு இரண்டெழுத்துப் பெயர் ஒன்றை அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் போதும். நல்ல சுருக்கங்கள் அடிக்கடி வரும் தேவையிலிருந்தே பிறக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை குடிக்கும் பானத்துக்கு யாரும் சுருக்கப் பெயர் வைத்துக்கொள்வதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுருக்கப் பெயர் உங்களுக்கு 5 விநாடி மிச்சப்படுத்துகிறது, அதை நாளுக்கு 40 முறை பயன்படுத்துகிறீர்கள், ஆண்டில் 240 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48,000 விநாடி, அதாவது 13 மணி 20 நிமிடம். எழுதி வைக்க ஆகும் நேரமோ இரண்டு நிமிடம். இப்போது மறுபக்கம் பாருங்கள். நாளுக்கு ஐந்து முறை, முறைக்கு ஒரு விநாடி மிச்சப்படுத்தும் மாற்றம் ஒன்று. ஆண்டுக்கு 20 நிமிடம்தான் தேறும். அதற்காக ஒரு வார இறுதியில் 10 மணி நேரம் செலவிட்டால், போட்ட முதலை எடுக்கவே 30 ஆண்டாகும். அதற்குள் கணினி நான்கைந்து முறை மாறிவிடும்.

தற்செயல்கள் விதிகளான கதை

"பெரியவர்கள் வடிவமைத்ததை நாம் ஏன் மாற்ற வேண்டும்?" என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. அந்த வடிவங்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் இந்தத் தயக்கம் போய்விடும்.

பில் ஜாய் 1976ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் விஐ என்ற உரைத் தொகுப்பியை எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. அதனால்தான் இன்றும் விஐயின் வழிவந்த விம்மில் அந்த நான்கு விசைகளால் கர்சரை நகர்த்துகிறோம். அதே விசைப்பலகையில் 'ஹோம்' என்ற விசையும் '~' குறியும் ஒரே இடத்தில் இருந்தன. உங்கள் சொந்தக் கோப்புறையை ஷெல்லில் '~' என்று எழுதுவது இதனால்தான். எஸ்கேப் விசையோ இன்றைய டேப் விசையின் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்று அது மேல் மூலைக்குப் போய்விட்டது. விம் பழகுவோர் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி நீட்டுகிறார்கள். ஆகவே ஒருவர் தம் கணினியில் கேப்ஸ் லாக் விசையை எஸ்கேப் விசையாக மாற்றிக்கொண்டால், அது விஐ பிறந்தபோது இருந்த வசதியைத் திரும்பப் பெறுவதே தவிர விதிமீறல் ஆகாது.

விஐ கட்டளைகள் ஏன் அவ்வளவு குறுகியவை? அக்காலத்தில் 300 பாட் வேக மோடம் வழியே வேலை செய்தார்கள். விநாடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தான் வரும். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரை முழுவதும் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒவ்வோர் எழுத்தும் விலை உயர்ந்ததாக இருந்த காலத்தின் சிக்கனம் அது.

அமைப்புக் கோப்புகளின் பெயர் புள்ளியில் தொடங்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையில், 'இந்தக் கோப்புறை', 'மேல் கோப்புறை' ஆகியவற்றைக் குறிக்கும் புள்ளிகள் வந்து தொல்லை தரக்கூடாது என்று குறுக்குவழி ஒன்று எழுதப்பட்டது. பெயர் புள்ளியில் தொடங்கினால் காட்டாதே என்பதே அது. விளைவாக, புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் மறைந்தன. பிறகு எல்லாரும் தங்கள் அமைப்புகளை அங்கே ஒளித்து வைக்கத் தொடங்கினார்கள். இது திட்டமிட்ட வசதி அல்ல, தவறிப் பிறந்த பழக்கம் என்று பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் எழுதியிருக்கிறார்.

நீங்கள் மதித்து நடக்கும் பல 'விதிகள்' யாரோ ஒருவரின் விசைப்பலகையும் அன்றைய அவசரமும் விட்டுச்சென்றவை. உங்கள் கைக்கும் வேலைக்கும் அவை பொருந்தாவிட்டால் மாற்ற உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மிஞ்சினால் என்ன ஆகும்?

அதே 1976ல் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் வேறொரு கதை நடந்தது. அங்கே டெக்கோ என்ற தொகுப்பியைப் பயன்படுத்தியவர்கள் ஆளுக்கொரு குறுங்கட்டளைத் தொகுப்பு எழுதி வைத்திருந்தார்கள். ஒருவரின் தொகுப்பியில் இன்னொருவர் உட்கார்ந்தால் எந்த விசை என்ன செய்யும் என்றே தெரியாத நிலை. இவற்றை ஒன்றுசேர்க்கும் முயற்சியைக் கை ஸ்டீல் தொடங்கினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை முன்னெடுத்து முடித்தார். அப்படிப் பிறந்ததே ஈமேக்ஸ். அந்தப் பெயரே 'தொகுப்பிக்கான குறுங்கட்டளைகள்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். உலகிலேயே அதிகமாக மாற்றியமைக்கத்தக்க தொகுப்பி என்று பெயர் எடுத்த மென்பொருள், ஆளுக்கு ஆள் மாற்றியமைத்ததால் வந்த குழப்பத்தைத் தீர்க்கத்தான் பிறந்தது.

இதிலிருந்து முதல் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்போதும் உங்கள் கணினியிலேயே உட்கார்ந்திருக்கப் போவதில்லை. நள்ளிரவில் ஒரு சர்வர் விழுந்துவிட்டால் அங்கே உங்கள் சுருக்கப் பெயர்கள் இருக்காது. லண்டன் கடையில் "தே ஓ கொசோங்" என்று கேட்டால் விழிப்பார்கள் அல்லவா, அதுபோல. ஆகவே மாற்றங்களில் இறங்குவதற்கு முன் மூலக் கட்டளைகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளிலும் விஐ அல்லது விம் இருக்கும். கோப்பைத் திறக்க, திருத்த, சேமிக்க, வெளியேறத் தெரிந்தால் போதும். இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். விம்மிலிருந்து எப்படி வெளியேறுவது என்று ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளத்தில் ஒருவர் கேட்ட கேள்வியின் பார்வைகள் 2017ல் ஒரு மில்லியனைத் தாண்டின.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் கடுமையானது. கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளை, அழிக்கும் முன் "உறுதிதானா?" என்று கேட்கும்படி மாற்றி வைப்பது பலரின் வழக்கம். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் ஆறு மாதத்தில் உங்கள் விரல் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கப் பழகிவிடும். பிறகு ஒருநாள் வேறொரு சர்வரில் அதே கட்டளையை எழுதுவீர்கள். அங்கே கேள்வி வராது, கோப்புதான் போகும். பழைய கட்டளையின் பொருளை மாற்றாதீர்கள். புதிய நடத்தை வேண்டுமானால் புதிய பெயர் வையுங்கள். புதிய பெயர் வேறு கணினியில் இல்லாவிட்டால் "அப்படியொரு கட்டளை இல்லை" என்ற பதில் மட்டுமே வரும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

மூன்றாவது, கடன் வாங்குவது. இணையத்தில் பலர் தங்கள் அமைப்புக் கோப்புகளைப் பகிர்கிறார்கள். ஒரே வரியை ஒட்டினால் நூறு வசதிகள் நிறுவப்படும் தொகுப்புகளும் உண்டு. அழகான திரைப்படத்தைப் பார்த்துப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் அதை அப்படியே நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெல்லின் அமைப்புக் கோப்பும் ஒரு நிரல்தான். முனையத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது உங்கள் பெயரில், உங்கள் அதிகாரத்தோடு ஓடுகிறது. உங்கள் கோப்புகள் எதையும் அதனால் படிக்க முடியும், அழிக்க முடியும், வெளியே அனுப்பவும் முடியும். முன்பின் தெரியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பீர்களா? தீய நோக்கமே இல்லாவிட்டாலும், பழுது வரும்போது எந்த வரியால் வந்தது என்று கண்டுபிடிக்க உங்களால் முடியாது. முனையம் திறக்க இரண்டு விநாடி ஆவதற்கும் இந்தக் கடன் சுமைதான் பெரும்பாலும் காரணம்.

நான் சிபாரிசு செய்யும் விதி ஒன்றே ஒன்று: உங்களால் விளக்க முடியாத வரி உங்கள் அமைப்புக் கோப்பில் இருக்கக்கூடாது. மற்றவர் கோப்பைப் படியுங்கள், யோசனை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு உங்களுக்கு வேண்டியதை நீங்களே எழுதுங்கள்.

எங்கே தொடங்குவது?

முதலில், எதையும் மாற்றாமலேயே கிடைக்கும் வசதிகளைப் பயன்படுத்துங்கள். பேஷ், ஸீஷெல் இரண்டிலும் கன்ட்ரோல் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் முன்பு எழுதிய கட்டளைகளில் தேடலாம். கன்ட்ரோலோடு ஏ அழுத்தினால் கர்சர் வரியின் தொடக்கத்துக்கும், ஈ அழுத்தினால் முடிவுக்கும் போகும். டபிள்யூ அழுத்தினால் கர்சருக்கு முன்னால் உள்ள சொல் அழியும். டேப் விசை கோப்புப் பெயரின் மிச்சத்தை நிரப்பித் தரும். இந்த ஐந்தை ஒரு வாரம் பழகினால், பெரும்பாலான செருகுநிரல்கள் தேவையில்லை என்பது தெரிந்துவிடும்.

அடுத்து நினைவு. பேஷ் ஷெல், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 500 கட்டளைகளையே நினைவில் வைத்திருக்கும். சில லினக்ஸ் வெளியீடுகள் இதைக் கூட்டித் தருகின்றன. இரண்டு மூன்று சாளரங்களைத் திறந்து வேலை செய்தால், கடைசியாக மூடிய சாளரத்தின் வரலாறு மற்றவற்றின்மேல் எழுதப்பட்டுவிடும் அபாயமும் உண்டு. அளவைப் பல்லாயிரமாகக் கூட்டுவதற்கும், மேலெழுதாமல் தொடர்ந்து சேர்ப்பதற்கும் இரண்டு மூன்று வரிகள் போதும். மூன்று மாதத்துக்கு முன் வெற்றி தந்த நீண்ட கட்டளையைத் தேடி எடுக்கும்போது இதன் அருமை புரியும்.

மூன்றாவது, நீங்கள் அடிக்கடி எழுதும் ஐந்து கட்டளைகளுக்குச் சுருக்கப் பெயர். எவை என்று ஊகிக்க வேண்டாம். வரலாற்றைப் பட்டியலிடச் சொல்லி, எது அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நாம் நினைப்பதும் பட்டியல் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

நான்காவது, உரைத் தொகுப்பியில் உழைப்பைக் காப்பாற்றும் வசதிகள். விம்மில் 2010ல் வந்த 7.3 பதிப்பிலிருந்து, கோப்பை மூடித் திறந்த பிறகும் முந்தைய மாற்றங்களைத் திரும்பப் பெற முடியும். ஆனால் அதை நாம்தான் இயக்கி வைக்க வேண்டும். நிறத்துக்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிடுங்கள். எழுத்தின் அளவும் முக்கியம். நாற்பதைத் தாண்டியவர்கள் அளவைக் கூட்டிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. கண்வலியோடு எந்தக் குறுக்குவழியும் பயன் தராது.

ஐந்தாவது, அமைப்புக் கோப்புகளைக் கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் வையுங்கள். எப்போது எதை மாற்றினோம் என்பது தெரியும்; புதிய கணினிக்கு மாறுவதும் எளிது. ஆனால் கடவுச்சொற்களையும் இரகசியச் சாவிகளையும் அந்தக் கோப்புகளில் எழுதவே எழுதாதீர்கள். பொதுவில் போட்டபின் அழித்தாலும், பழைய பதிப்பில் அது அப்படியே இருக்கும்.

தமிழில் எழுதுவோருக்கு

நம்மில் பலர் தமிழிலும் எழுதுகிறோம். இங்கே மாற்றியமைப்பு ஆடம்பரம் அல்ல, தேவை. விம்மில் ஒரே விசை சில நேரம் எழுத்தாகவும் சில நேரம் கட்டளையாகவும் இருக்கும். கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டால், கட்டளை கொடுக்க வேண்டிய இடத்திலும் தமிழ் எழுத்தே போய் விழும். விம் திகைத்து நிற்கும். இதற்கு விம்முக்கு உள்ளேயே தீர்வு உண்டு. எழுதும் நிலையில் மட்டும் விசைகள் தமிழாக மாறும்படியும், கட்டளை நிலையில் பழையபடி இருக்கும்படியும் ஒரு விசை வரைபடக் கோப்பை அமைக்கலாம். ஈமேக்ஸில் தமிழ் உள்ளீட்டு முறைகள் அதனுடனேயே வருகின்றன.

காட்சியில் இன்னொரு சிக்கல். முனையம் என்பது கட்டம் போட்ட தாள் போன்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம். 'ண', 'ஔ' போன்ற அகல எழுத்துகள் அதில் அடங்குவதில்லை. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் தெரிந்தாலும், கணினி அதை 'க' என்ற எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கிறது. இதைச் சரியாகக் கையாளாத முனையங்களில் கொம்பும் எழுத்தும் பிரிந்து கிடக்கும். ஆகவே நீண்ட தமிழ்க் கட்டுரையை முனையத்துக்குள் எழுதிச் சிரமப்படாதீர்கள். தனிச் சாளரத்தில் இயங்கும் ஈமேக்ஸ் அல்லது விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்றவற்றில் எழுதுங்கள்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. கணினியில் தமிழ் வந்ததே சிலர் "இது இப்படித்தான்" என்று ஏற்றுக்கொள்ளாததால்தான். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985ல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997ல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டி, பல நாட்டவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். கருவி நம் மொழிக்கு வளைய வேண்டும் என்ற பிடிவாதம் அவர்களுடையது. உங்கள் ஷெல்லில் நீங்கள் எழுதும் ஒற்றை வரியும் அந்தப் பிடிவாதத்தின் சின்னத் துண்டுதான்.

"இனி எல்லாம் இயந்திரமே செய்யும்" என்பவர்களுக்கு

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் கட்டளையையும் எழுதித் தருகின்றன, சில வேளை தாமே ஓட்டியும் விடுகின்றன. பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கட்டளை ஓடப் போவது உங்கள் ஷெல்லில், உங்கள் கோப்புகளின்மேல். அது என்ன செய்யப்போகிறது என்று படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லவோ நிறுத்தவோ வேண்டியவர் நீங்கள்தான். தன் அமைப்புக் கோப்பை வரி வரியாகத் தானே எழுதியவருக்கு அந்தப் படிப்பு கைவந்திருக்கும். கடன் வாங்கியே பழகியவர், இயந்திரம் தருவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பார். நேரம் மிச்சமாவதைவிட இதுவே எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது.

வரும் வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். புதிதாக எதையும் நிறுவாதீர்கள். மேசையில் ஒரு தாள் வைத்து, கணினி உங்களை எரிச்சலூட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டு, காரணத்தைக் குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அதிகக் கோடு விழுந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சரிசெய்யுங்கள். அடுத்த வாரம் அடுத்தது. ஓராண்டில் உங்கள் அமைப்புக் கோப்பில் ஐம்பது வரி இருக்கலாம். ஐம்பதுக்கும் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.